புது அனிமே சீசன்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஜப்பானிய அனிமேஷனான அனிமே பக்கம் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பழைய, பெயர்பெற்ற தொடர்களில்தான் தொடங்குகிறார்கள். அங்கே தேர்வு சுலபம். நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் ஒரே பெயரைச் சொல்வார்கள். இப்போது ஒளிபரப்பாகும் தொடர்களை வாராவாரம் பார்க்கலாம் என்று முடிவெடுக்கும்போதுதான் திணறல் வருகிறது. ஒவ்வொரு சீசனிலும் நாற்பது, ஐம்பது புதுத் தொடர்கள் வந்து நிற்கின்றன. எதையும் யாரும் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை, அதனால் நம்பிக் கேட்கவும் ஆள் கிடையாது.

இந்தத் தேர்வை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. சீசனுக்கு முன்னால் கொஞ்சம், முதல் வாரத்தில் கொஞ்சம், மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டால் போதும். விளம்பரம் யாருக்கு அதிகம் என்று பார்க்காமல், யார் எடுக்கிறார்கள், உங்களிடம் நேரம் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லும் முறை முழுக்க இதை ஒட்டியதுதான்.

படி 1: சீசன் கணக்கு

ஜப்பானில் அனிமே ஆண்டுக்கு நாலு சீசனாக வருகிறது. ஜனவரியில் தொடங்குவது விண்டர், ஏப்ரலில் ஸ்பிரிங், ஜூலையில் சம்மர், அக்டோபரில் ஃபால். இந்த மூன்று மாத அளவுக்குக் கூர் என்று பெயர். ஒரு கூருக்கு 11 முதல் 13 எபிசோடு வரை இருக்கும். சில தொடர்கள் இரண்டு கூர் தொடர்ந்து ஓடும். சில பாதியில் நின்று, ஒன்றிரண்டு சீசன் கழித்து மீதியைத் தரும். இதை ஸ்ப்ளிட் கூர் என்பார்கள். ஏப்ரலும் அக்டோபரும் ஜப்பானியத் தொலைக்காட்சிகள் நிகழ்ச்சி நிரலை மாற்றி அமைக்கும் காலம். அதனால் அந்த இரண்டு சீசன்களிலும் பட்டியல் பெரும்பாலும் கனமாக இருக்கும்.

தேதியில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. பெரும்பாலான அனிமே ஜப்பானில் நள்ளிரவுக்கு மேல்தான் ஒளிபரப்பாகிறது. அங்கே வெள்ளிக்கிழமை 25:30 என்று அறிவித்தால் அது சனிக்கிழமை அதிகாலை 1:30. ஜப்பான் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 9 மணி நேரம் முன்னால் இருப்பதால், உங்கள் ஊர் நாட்காட்டியில் அது வேறு நாளில் விழலாம். சீசன் தொடங்கும் மாதத்துக்கு ஓரிரு நாள் முன்பே வந்துவிடும் தொடர்களும் உண்டு. ஃப்ரீரென் 2023 ஃபால் சீசனின் தொடர்தான், ஆனால் செப்டம்பர் 29 அன்றே முதல் நாலு எபிசோடுகளைச் சேர்த்து ஒரே இரவில் ஒளிபரப்பினார்கள். ஆகவே மாதம் பிறக்கட்டும் என்று காத்திருக்காமல், இரண்டு வாரம் முன்பே பட்டியலைத் திறந்துவிடுங்கள்.

படி 2: முதலில் உங்கள் நேரம்

தொடர்களைப் பார்ப்பதற்கு முன்னால், வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று முடிவு செய்யுங்கள். ஒரு எபிசோடு ஏறக்குறைய 24 நிமிடம். நாலு தொடர் என்றால் வாரத்துக்கு 96 நிமிடம், ஐந்து தொடர் என்றால் இரண்டு மணி நேரம். கேட்கும்போது குறைவாகத் தோன்றும். ஆனால் இதே கணக்கு மூன்று மாதத்துக்கு ஓடும், நடுவில் வேலை வரும், பரீட்சை வரும், உடம்பு சரியில்லாமல் போகும். முதல் சீசனுக்கு மூன்று தொடர் போதும். அதற்கு மேல் ஐந்து வரை போகலாம். வாரத்துக்குப் பதினைந்து தொடர் பார்க்கிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவர்களுக்கு அது நெடுநாள் பழக்கம்.

படி 3: பட்டியலைத் திறந்து, நீக்குங்கள்

அனிசார்ட், லைவ்சார்ட், மை அனிமே லிஸ்ட் ஆகிய மூன்று இணையதளங்களில் ஏதாவது ஒன்று போதும். மூன்றிலும் சீசன் வாரியாகப் போஸ்டர், கதைச்சுருக்கம், ஸ்டுடியோ, தொடங்கும் தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். கண்ணுக்கு எளிதாக இருப்பது அனிசார்ட். அடுத்த எபிசோடு வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை லைவ்சார்டில் பார்க்கலாம்.

இந்த முதல் சுற்றில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள், நீக்க மட்டும் செய்யுங்கள். முதலில் நீக்க வேண்டியவை நீங்கள் முந்தைய பாகம் பார்க்காத தொடர்ச்சிகள். ஒரு சீசன் பட்டியலில் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றில் ஏதாவது ஆசையைத் தூண்டினால், முதல் பாகத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பாருங்கள். அப்புறம் உங்களுக்கு ஒவ்வாத வகைகள். அனிலிஸ்ட் என்ற இன்னொரு தளத்தில் ஒவ்வொரு தொடருக்கும் பயனர்கள் குறிச்சொல் இட்டிருப்பார்கள், எந்தக் குறிச்சொல் எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்றும் இருக்கும். வன்முறையோ ஆபாசமோ வேண்டாம் என்பவர்களுக்கு இது மிகவும் உதவும். கதையை உடைக்கும் குறிச்சொற்களை அந்தத் தளமே மறைத்து வைத்திருக்கிறது, அவற்றைத் திறக்காதீர்கள்.

உங்கள் பகுதியில் எந்தத் தளத்திலும் முறையாகக் கிடைக்காத தொடர்களையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். சில தளங்கள் சீசன் முடிந்த பிறகு மொத்தமாக வெளியிடுவதும் உண்டு. அவை வாராந்திரப் பட்டியலில் இடம்பிடிக்கத் தேவையில்லை.

இந்தத் தளங்களில் பயனர்கள் பத்துக்குத் தரும் மதிப்பெண்ணை இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டாம். ஒளிபரப்புக்கு முன்னால் எத்தனை பேர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண், விளம்பரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஒளிபரப்பு தொடங்கிய பிறகும் கவனம் தேவை. மூன்றாம் பாகத்துக்கு உச்ச மதிப்பெண் கிடைப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு பாகம் பிடிக்காதவர்கள் ஏற்கெனவே விலகிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் அந்தக் கதையை விரும்புகிறவர்கள், அவர்கள் தரும் மதிப்பெண் உயர்வாகத்தான் இருக்கும். புதுத் தொடரின் 7.5-ஐயும் மூன்றாம் பாகத்தின் 8.5-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

இப்போது உங்களிடம் பன்னிரண்டு, பதினைந்து தொடர் மிஞ்சியிருக்கும்.

படி 4: யார் எடுக்கிறார்கள்?

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

புதிதாக வருபவர்கள் ஸ்டுடியோ பெயரைப் பிடித்துக்கொள்வார்கள். மேட்ஹவுஸ் என்றால் நன்றாக இருக்கும், மாப்பா என்றால் சண்டைக்காட்சி தூள் பறக்கும் என்று. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஜப்பானில் அனிமேட்டர்களில் பலர் எந்த ஸ்டுடியோவிலும் நிரந்தர ஊழியர்கள் இல்லை, வேலைக்கேற்ப இடம் மாறுகிறார்கள். ஒரே ஸ்டுடியோவில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குழுக்கள் வெவ்வேறு தொடர்களை எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு குழுவின் வேலையை வைத்து இன்னொரு குழுவை எடைபோட முடியாது. கியோட்டோ அனிமேஷன் போல ஊழியர்களைத் தாங்களே பயிற்றுவித்து நிரந்தரமாக வைத்திருக்கும் இடங்கள் குறைவு. அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் ஸ்டுடியோ பெயரே போதுமான உத்தரவாதம்.

மற்ற இடங்களில் மனிதர்களின் பெயரைப் பாருங்கள். தொடரின் பக்கத்தில் ஸ்டாஃப் என்ற பகுதி இருக்கும். அதில் முதலில் இயக்குநர். அடுத்தது சீரிஸ் காம்போசிஷன் என்று போட்டிருக்கும் பொறுப்பு. மூலக்கதையை எத்தனை எபிசோடாகப் பிரிப்பது, எதை வைத்துக்கொள்வது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் இவர். படம் அழகாக இருந்தும் கதை தடுக்கி விழுந்தால், காரணம் பல சமயம் இந்தப் பொறுப்பில்தான் இருக்கும். இந்த இரண்டு பெயர்களையும் சொடுக்கி, முன்னால் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 2022 அக்டோபரில் போச்சி த ராக் என்ற தொடர் வந்தது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பள்ளி மாணவி ராக் இசைக்குழுவில் சேரும் கதை. மூலம் நாலே கட்டங்களில் முடியும் நகைச்சுவை மங்கா (ஜப்பானியப் படக்கதை), எடுத்தது குளோவர்வொர்க்ஸ், இயக்கியது கெய்ச்சிரோ சைட்டோ. அடுத்த ஆண்டு அதே சைட்டோ வேறொரு ஸ்டுடியோவில், மேட்ஹவுஸில், ஃப்ரீரெனை இயக்கினார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒன்று துள்ளல், இன்னொன்று அமைதி. ஆனால் இரண்டிலும் பாத்திரத்தின் மனத்தை வசனத்தை விட அசைவில் காட்டும் திறமை ஒன்றுதான். இயக்குநர் பெயரைக் கவனித்தவர்கள் ஃப்ரீரெனுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒன் பன்ச் மேன் முதல் பாகம் 2015-இல் மேட்ஹவுஸில் ஷிங்கோ நட்சுமே இயக்கத்தில் வந்தது. 2019-இல் இரண்டாம் பாகம் வந்தபோது ஸ்டுடியோவும் மாறியிருந்தது, இயக்குநரும் மாறியிருந்தார். கதை அதேதான், பாத்திரங்களும் அவர்கள்தான், ஆனால் சண்டைக்காட்சிகளில் பழைய வேகம் இல்லை என்று ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். முதல் பாகத்தின் நினைவில் மட்டும் தொடர்ச்சியைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால், குழு அதேதானா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

மூலம் எது என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். மங்கா, லைட் நாவல் (படங்களோடு வரும் எளிய நாவல்), கேம், அல்லது ஒரிஜினல் (அனிமேக்காகவே எழுதிய கதை). மங்காவோ நாவலோ என்றால் கதைக்கு ஏற்கெனவே வாசகர்கள் இருக்கிறார்கள், அடிப்படை உறுதி. ஆனால் நீண்ட கதை 12 எபிசோடில் முடியாது. பாதியில் நிற்கும், அடுத்த பாகம் வரும் என்ற உறுதியும் இல்லை. அனிமேக்குப் பணம் போடும் தயாரிப்புக் குழுவில் பல சமயம் புத்தகத்தின் பதிப்பகமும் இருக்கும். தொடரைப் பார்ப்பவர் மீதியைப் புத்தகத்தில் தொடர்வது அவர்களுக்கு லாபம்தான். பாதிக்கதை பிடிக்காதவர்கள் ஒரிஜினல் தொடர்களைத் தேடிப் பாருங்கள். முடிவோடு சேர்த்தே எழுதப்படும் வாய்ப்பு அவற்றில் அதிகம். 2021 ஏப்ரலில் வந்த ஆட் டாக்சி அப்படிப்பட்டது. பேசும் விலங்குகள் நடிக்கும் ஒரு துப்பறியும் கதை, 13 எபிசோடில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும். போஸ்டரைப் பார்த்துப் பலர் தாண்டிப்போனார்கள், சீசன் முடியும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரிஜினலில் ஆபத்தும் உண்டு, முடிவு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு சீசனிலும் ஒரே ஒரு ஒரிஜினலுக்கு இடம் வையுங்கள் என்று சொல்கிறேன்.

படி 5: டிரெய்லர்

மிஞ்சியவற்றுக்கு பிவி எனப்படும் டிரெய்லரைப் பாருங்கள். முதல் முறை ஒலியோடு, இரண்டாம் முறை ஒலியில்லாமல். பாட்டு நம்மை ஏமாற்றிவிடும், ஒலியை நிறுத்தினால் படம் மட்டும் நிற்கும். பாத்திரங்கள் நடக்கும்போது, உட்காரும்போது, ஒரு பொருளை எடுக்கும்போது உடம்பின் கனம் தெரிகிறதா? இல்லை, அசையாத படத்தின் மேல் கேமரா மட்டும் நகர்கிறதா? பெரிய வெடிப்புக் காட்சிகளை விட இந்தச் சின்ன அசைவுகள்தான் குழுவுக்கு நேரம் கிடைத்ததா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தப் படி முடியும்போது ஆறு அல்லது ஏழு தொடர்கள் கையில் இருக்கட்டும். பார்க்கப்போவது மூன்றுதான் என்றாலும், சுவைத்துப் பார்க்கக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

படி 6: முதல் எபிசோடு, மூன்றாவது எபிசோடு

மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவெடு என்பது ரசிகர்களிடையே பழைய விதி. 2011 ஜனவரியில் வந்த மடோகா மாஜிக்கா இந்த விதிக்குப் பெரிய பலம் சேர்த்தது. அதன் மூன்றாவது எபிசோடில்தான் அது எந்த மாதிரிக் கதை என்பதே புலப்படும். இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் எல்லாத் தொடருக்கும் மூன்று எபிசோடு கொடுக்க வேண்டியதில்லை. முதல் எபிசோடே சலிப்பூட்டி, ஸ்டாஃப் பட்டியலிலும் நம்பிக்கை தரும் பெயர் இல்லையென்றால், அங்கேயே விடுங்கள். பெயர் நம்பிக்கை தந்தால் மூன்று வரை பொறுங்கள். ஸ்டெய்ன்ஸ் கேட் போல முதல் பாதி முழுக்க மெதுவாக அடித்தளம் போடும் தொடர்களும் இருக்கின்றன. அவற்றை வாராவாரம் காத்திருந்து பார்ப்பதை விட முடிந்த பிறகு சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

அதேபோல முதல் எபிசோடு அசத்தியது என்பதால் முழுதாக நம்பிவிடவும் வேண்டாம். முதல் எபிசோடுக்கு அதிக நேரமும் நல்ல கைகளும் கிடைக்கும், பெரும்பாலும் இயக்குநரே அதன் ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சி வாரியான வரைபடத் திட்டத்தை, வரைந்திருப்பார். தயாரிப்பில் இழுபறி இருந்தால் நாலாவது, ஐந்தாவது எபிசோடில் தெரிய ஆரம்பிக்கும். முகங்கள் கோணலாகும், அசைவு குறையும். சீசன் நடுவே பழைய காட்சிகளைத் தொகுத்து ஒரு ரீகேப் எபிசோடு வந்தாலும் கவனியுங்கள், பல சமயம் அது குழு மூச்சுத் திணறுகிறது என்பதன் அடையாளம்.

மூன்றாவது வாரத்தின் முடிவில், ஒவ்வொரு தொடருக்கும் ஒரே கேள்வி: அடுத்த எபிசோடு இன்று வருகிறது என்றால் இன்றே பார்ப்பேனா? ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றினால் ஆன் ஹோல்டில், அதாவது தள்ளிவைத்தவற்றின் பட்டியலில், போடுங்கள். நினைவே வரவில்லை என்றால் ட்ராப், அதாவது பாதியில் விட்டுவிடுங்கள்.

படி 7: ட்ராப் செய்யத் தயங்காதீர்கள்

எட்டு எபிசோடு பார்த்துவிட்டோமே, இன்னும் நாலுதானே என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த நாலு எபிசோடு 96 நிமிடம். இதுவரை செலவான நேரம் திரும்பி வராது, மீதி நேரமாவது உங்கள் கையில் இருக்கிறது. பிடிக்காத தொடரை இழுத்துப் பார்ப்பவர்கள் கடைசியில் அனிமே மீதே சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ட்ராப் என்று குறிக்கும்போது பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுங்கள்: வேகம் போதவில்லை, நகைச்சுவை ஒட்டவில்லை, நாயகனைப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று சீசனில் உங்கள் ரசனை என்ன என்பது அந்தக் குறிப்புகளில் தெளிவாகிவிடும். அப்போது படி 3-இல் பாதி வேலை குறையும்.

படி 8: ஆறாவது வாரமும் சீசன் முடிவும்

ஆறாவது வாரத்தில் பட்டியலை மறுபடி ஒருமுறை திறங்கள். முதலில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு தொடரின் மதிப்பெண் வாராவாரம் ஏறிக்கொண்டே வந்தால், அது கவனிக்க வேண்டியது. முதல் நாள் மதிப்பெண்ணை விட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது நம்பகமானது. நீங்கள் ட்ராப் செய்த இடத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு எபிசோடை ஒரு வார இறுதியில் எட்டிப்பிடித்துவிடலாம்.

சீசன் முடிந்ததும் ஆன் ஹோல்டில் இருப்பவற்றைப் பாருங்கள். கடைசி எபிசோடு வரை மதிப்பெண் சரியாமல் நின்றவற்றை மட்டும் அடுத்த சீசனின் ஓய்வு வாரங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடுங்கள். அதே கையோடு இந்த சீசனில் உங்களுக்குப் பிடித்த தொடரின் இயக்குநர், திரைக்கதைப் பொறுப்பாளர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அனிலிஸ்டில் அவர்களை விருப்பப் பட்டியலில் சேர்க்கும் வசதி இருக்கிறது. அடுத்த சீசனின் பட்டியலைத் திறக்கும்போது முதலில் தேட வேண்டியவை இந்தப் பெயர்கள்.