இன்றைக்கு என்ன கேட்டீர்கள்? கேட்ட சங்கீதத்தை நாலு பேரோடு பகிர்வது எப்படி

காலையில் ஒரு தோடி ராகம் கேட்கிறோம், மனசு நிறைந்துவிடுகிறது, உடனே அந்த இரண்டரை மணி நேரக் கச்சேரியின் லிங்கைத் தெரிந்த வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் போட்டு, "அபாரம்! அவசியம் கேளுங்கள்" என்று எழுதிவிடுகிறோம். சாயங்காலம் பார்த்தால் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருப்பார்கள். கேட்டவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். நானும் பல வருஷம் இப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் குழுவில் ஏழு பேர், என் அத்தையும் அதில் உண்டு. தினம் ஒருவர் முறை. அவர் கேட்டதைச் சொல்வார், மற்றவர்கள் நிஜமாகவே கேட்டுவிட்டுப் பதில் எழுதுவார்கள். அது எப்படிக் கூடிவந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கர்நாடக சங்கீதம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முக்கியமானது ஒன்றுதான். கச்சேரியை அனுப்பாதீர்கள், ஓர் இடத்தை அனுப்புங்கள். எந்த இடத்தில் கையில் இருந்த வேலை நின்றுபோயிற்றோ அந்த இடம். பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்துக்கு (ச) போகாமல் அதற்கு முந்திய நிஷாதத்திலேயே (நி) நின்று காக்கவைத்த அரை நிமிஷமாக இருக்கலாம், ஒரு வரியைத் திரும்பத் திரும்ப விதவிதமாகப் பாடும் நிரவலில் அந்த வரி ஐந்தாவது தடவை வரும்போது மட்டும் வேறு மாதிரி விழுந்ததாக இருக்கலாம். அது எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு நிமிஷம் முன்பிருந்து கேட்கச் சொல்லுங்கள். யூடியூபில் அந்த நேரத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி லிங்க் அனுப்பவும் வசதி இருக்கிறது. மூன்று நிமிஷம் கேட்கச் சொன்னால் யாரும் கேட்பார்கள், பிடித்துப்போனால் முழுசையும் அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது, என்ன எழுதுவது. "தெய்வீகம்", "கண்ணில் நீர் வந்தது" எல்லாம் உண்மையாகவே இருக்கும், ஆனால் படிக்கிறவருக்குக் காதைத் தீட்டிக்கொள்ள அதில் ஒன்றும் கிடைக்காது. காதில் விழுந்ததை எழுதுங்கள். "பல்லவியின் கடைசி சங்கதியில் குரலை இறக்கிவிட்டார், வயலினும் கூடவே இறங்கியது" என்று எழுதினால் போதும் (பல்லவி என்பது பாட்டின் முதல் பகுதி, சங்கதி என்பது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் ஒவ்வொரு வடிவம்), கேட்கிறவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். ராகம், தாளம், பாட்டு யாருடையது, பாடியவர் யார் என்ற விவரங்களோடு, வயலின் யார், மிருதங்கம் யார் என்பதையும் தவறாமல் போடுங்கள். பக்கவாத்தியக்காரர் பெயரைப் போடுவதில் மரியாதையும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. புது விஷயம் பாதிக்குமேல் எங்களுக்கு அந்த வழியாகத்தான் கிடைத்தது.

ஒரு உதாரணம். குழுவில் ஒருவர் பழைய கச்சேரி ஒன்றைப் பகிர்ந்தபோது, "மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை, தொப்பியின் கும்காரத்தைக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார். தொப்பி என்பது மிருதங்கத்தில் கனத்த சத்தம் தரும் பக்கம், கும்காரம் அதில் எழும் ஆழ்ந்த நாதம். அதுவரை நான் பாடகரை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவன். அன்றைக்கு அந்தத் தொப்பிச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் கேட்டேன். அப்புறம் அவர் போட்டோவைத் தேடினால், மற்றவர்கள் வலது கையால் வாசிக்கும் வலந்தலைப் பக்கத்தை இடது கையால் வாசிக்கிறார்! வலந்தலை சபையைப் பார்த்து இருப்பதுதான் வழக்கம், அதனால் அவர் வாசித்தால் வயலின்காரர் பக்கம் மாறி உட்கார வேண்டியிருக்கும். அதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள் என்பதும், அவரை ஆதரித்து மேடையேற்றியவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் என்பதும் தெரியவந்தது. ஒரு மிருதங்கக்காரரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் இவ்வளவு.

ராகம் சரியாகத் தெரியவில்லையே, எப்படி எழுதுவது என்று தயங்குகிறவர்கள் நிறைய. தயங்காமல் எழுதுங்கள், ஆனால் சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதுங்கள். ஒரு நாள் காலை, குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்த நேரம், பாதியிலிருந்து ஒரு ஆலாபனை காதில் விழுந்தது. ஸ்ரீரஞ்சனி என்று அடித்துச் சொல்லிக் குழுவில் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் அத்தையிடமிருந்து குரல் பதிவு. "நிஷாதம் எங்கடா கேட்டே? திரும்பக் கேளு." அதோடு நிற்காமல் ச ரி க ம த ச என்று ஒரு தடவையும், தைவதத்துக்கு மேலே நிஷாதம் சேர்த்து ஒரு தடவையும் மெதுவாகப் பாடி அனுப்பியிருந்தார். இரண்டு ராகத்திலும் பஞ்சமம் (ப) கிடையாது, ரி க ம த எல்லாம் ஒன்றுதான். அந்த நிஷாதம் வந்தால் ஸ்ரீரஞ்சனி, வராவிட்டால் ஆபோகி. நான் கேட்டது ஆபோகி. அந்த ஒன்றரை நிமிஷப் பதிவை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஆபோகியை வேறு எதோடும் குழப்பிக்கொண்டதில்லை.

இப்படி ஜோடி ஜோடியாகக் கேட்பது நல்ல பழக்கம். சங்கராபரணமும் கல்யாணியும் மத்யமத்தில் (ம) மட்டும்தான் வேறுபடும், மேளம் எனப்படும் தாய் ராகங்களின் வரிசையில் 29-வதும் 65-வதும். ஒரே நாளில் இரண்டிலும் ஐந்தைந்து நிமிஷம் கேட்டுவிட்டு, மத்யமம் எங்கே காட்டிக்கொடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். தம்பூரா செயலியில் சுருதி வைத்துக்கொண்டு சா பிடித்துப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஆரபி, தேவகாந்தாரி மாதிரி ஜோடிகளை ஆரம்பத்திலேயே எடுக்காதீர்கள். அங்கே ஸ்வரக் கணக்கு கைகொடுக்காது, பிடிகளும் (ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோவைகள்) கார்வைகளும் (ஒரு ஸ்வரத்தில் நீட்டி நிற்பது) தான் வித்தியாசத்தைச் சொல்லும், அது காதில் ஊற நாளாகும்.

இன்னொரு வழி, ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிக் கேட்பது. ஹிந்தோளத்தில் தியாகராஜரின் "சாமஜவரகமனா" எல்லாருக்கும் தெரிந்த கிருதி. அதை மத்யமகாலத்தில் (நடுத்தர வேகத்தில்) யாராவது பாடியதைக் கேட்டுவிட்டு, உடனே எம்.டி. ராமநாதன் பாடியதைப் போடுங்கள். முதல் வரி முடிவதற்குள் "இது அதே பாட்டுதானா?" என்று யாராவது கேட்பார்கள். அவ்வளவு நிதானம், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே அவ்வளவு இடம். எங்கள் குழுவில் ஒரு வாரம் முழுக்க இதைப் பற்றியே பேசினோம். இருவருக்கு அவர் பாட்டு இன்னும் பிடிபடவில்லை, அதையும் வெளிப்படையாக எழுதினார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல இடம் இல்லாத குழுவில் பிடித்திருக்கிறது என்ற பேச்சுக்கும் மதிப்பு இருக்காது.

நேரமே இல்லை என்பவர்களுக்கு 78 சுற்று இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் கொள்ளும், ஆகவே அந்தக் காலத்து வித்வான்கள் ஒரு கிருதியையோ ராகத்தையோ அதற்குள் அடக்கிவிடுவார்கள். இரைச்சல் இருக்கும், முதல் அரை நிமிஷம் பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். பஸ்ஸில் போகும்போது ஒன்று கேட்டு, இறங்குமுன் இரண்டு வரி எழுதிவிடலாம்.

இணையத்தில் இருக்கும் பழைய பதிவுகளின் தலைப்பை அப்படியே நம்பாதீர்கள். ராகத்தின் பெயர் தப்பாக இருக்கும், வருஷம் இஷ்டத்துக்குப் போட்டிருக்கும். வருஷத்தைச் சரிபார்க்கக் கையோடு ஒரு வழி உண்டு, மேடையில் இருந்தவர்கள் எப்போது காலமானார்கள் என்று பாருங்கள். நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இலும், பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962-இலும், பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-இலும் மறைந்தவர்கள். பழனி வாசிக்கும் கச்சேரிக்கு 1965 என்று போட்டிருந்தால் வருஷமோ பெயரோ ஒன்று தப்பு. நீங்கள் பகிரும்போது "தலைப்பில் இப்படி இருக்கிறது" என்று எழுதினால் தப்பு உங்கள் வழியாகப் பரவாது.

புதிதாக வருகிறவர் ஒரு ராகத்தைக் கேட்டதும் சினிமாப் பாட்டைத்தான் நினைவுபடுத்திக்கொள்வார். அதை யாராவது மட்டம்தட்டினால் அவர் மறுபடி வாயே திறக்க மாட்டார். அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டு, எந்த வரியில் ராகம் நன்றாகத் தெரிகிறது, எங்கே விலகிப் போகிறது என்று சேர்ந்து கேட்கலாம். மோகனத்தையும் ஹம்சத்வனியையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் பிரித்துக் கற்றுக்கொண்டார்கள். இரண்டிலும் ஐந்து ஸ்வரம்தான், மோகனத்தில் தைவதம், ஹம்சத்வனியில் நிஷாதம்.

சில சின்ன விஷயங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். சபாவில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பதிவு செய்து அனுப்பாதீர்கள், வீட்டுக்கு வந்து கேட்டதை எழுதுங்கள். குழுவில் ஏழெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், கூட்டம் சேர்ந்தால் காலை வணக்கம் வந்துவிடும். பதில் வராத நாளும் இருக்கும், அன்றைக்கு எழுதியதை ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பதிவைக் கேட்டுவிட்டுப் பழைய குறிப்பைப் படித்தால், அப்போது காதில் விழாதது எவ்வளவு என்று தெரியும்.

நாளைக்கு என் முறை. மறுபடி ஆபோகிதான், கோபாலகிருஷ்ண பாரதியின் "சபாபதிக்கு". திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போன இடத்தில் ஆபோகியைக் கேட்டுவிட்டு பாரதி இதை இயற்றினார் என்று செவிவழியாக ஒரு கதை உண்டு. அதை இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன். பாட்டின் இரண்டாம் பகுதியான அநுபல்லவி ஆரம்பிக்கும் நிமிஷத்தையும் குறித்தாயிற்று, அத்தை என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.