அட்மிஷன் கேட்டு வரும் முகம் தெரியாத ஆள்

உங்கள் கல்லூரியில் சேர வருபவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டுமா? ஊழியர்களுக்கு முகம் தெரியாத ஒரு அப்பாவையும் மகளையும் அனுப்பிப் பாருங்கள். கடைகளில் இப்படி வருபவரை ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்பார்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் சரியான நேரம். வேதாரண்யம் பக்கமிருந்து பஸ் மாறி மாறித் தஞ்சாவூர் வரும் குடும்பமாக இருந்தால் நல்லது. உள்ளூர்க்காரர் கண்ணில் படாத சிரமம் அவர்களுக்குப் படும். முதல் நாள் போனில் கேட்கட்டும். மறுநாள் நேரில் அதே கேள்விகள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, முதல் பட்டதாரிச் சான்று வேண்டுமா, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு யாரிடம் பதிவது, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி லேப் முடியுமா. இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டை அங்கேதான்.

எவ்வளவு நேரம் நின்றார்கள், அப்பாவுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்பதையும் வாசல் தாண்டி வெளியே வந்ததுமே குறித்துவிட வேண்டும். (எங்கள் கல்லூரியில் இப்படிப் பார்த்தபோது வெளிப்பட்ட குறை நாற்காலிதான்!) ஊழியர் பெயர் மட்டும் வேண்டாம்; பெயர் வந்தால் அது விசாரணையாகிவிடும், அப்புறம் எதுவும் திருந்தாது. பஸ் செலவும் சாப்பாடும் கல்லூரி கணக்கில். ஜூனில் வேறொரு குடும்பத்தை அனுப்பி மறுபடி பாருங்கள்.