வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு இரவு ரயிலில்: சென்னையிலிருந்து தெற்கே

சென்னை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் மலேசிய, இலங்கை, கனடியத் தமிழர்களில் பலருக்குப் பயணம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. மதுரையில் ஒரு திருமணமோ, திருநெல்வேலிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலோ, இராமேசுவரத்தில் தீர்த்தமாடலோ காத்திருக்கும். எங்கள் அத்தை குடும்பம் ஆண்டுதோறும் மலேசியாவின் கிள்ளானிலிருந்து வருவதால், அவர்களுக்கு இரவு ரயில் ஏற்பாடு செய்து கொடுப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பாக இருந்துவருகிறது. ரயிலில் ஏறியபின் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருப்பதில்லை. பேச்சும் சாப்பாடும் பக்கத்துப் பயணியின் நலம் விசாரிப்பும் அவர்கள் வீட்டிலேயே பழகியவை. அவர்கள் தடுமாறுவதெல்லாம் டிக்கெட் எடுக்கும் இடத்தில்தான். தமிழ் பேசுகிறோமே, உள்ளூர்க்காரர்களைப்போல் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிறார்கள். ரயில்வேயின் கணினியோ அவர்களை வெளிநாட்டுப் பயணிகளாகவே நடத்துகிறது. ஆகவே டிக்கெட்டைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை எழும்பூர் நிலையத்திலிருந்து புறப்படுபவை. மதுரைக்குப் பாண்டியன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், திருச்சிக்கு மலைக்கோட்டை எனப் பெயரைக் கேட்டாலே போகும் ஊர் தெரிந்துவிடும். கோயம்புத்தூருக்குச் செல்லும் சேரனும், மேட்டுப்பாளையத்துக்குச் சென்று அங்கே ஊட்டி மலை ரயிலைப் பிடிக்க உதவும் நீலகிரி எக்ஸ்பிரஸும் சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. இராமேசுவரத்துக்குச் சேது எக்ஸ்பிரஸோடு போட் மெயிலும் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் போட் மெயிலில் தனுஷ்கோடி வரை சென்றவர்கள், அங்கே கப்பலேறித் தலைமன்னாருக்குக் கடந்து, மறுபடியும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அந்த வழி அறுந்துபோனது. இன்றும் அந்த ரயிலுக்குப் பழைய பெயரே வழங்குகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியாக அது இராமேசுவரத்தை அடைகிறது. இலங்கையிலிருந்து வருபவர்கள் ஒருமுறையாவது இந்த ரயிலில் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். இந்திய ரயில்வேயில் முன்பதிவு, பயண நாளை விட்டுவிட்டு, 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது. பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைக் காலங்களில் தெற்கே போகும் ரயில்களின் இடங்கள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் வெளிநாட்டுக் கைப்பேசி எண்ணைக்கொண்டே கணக்குத் தொடங்கலாம். அதற்கு ஒரு சிறு பதிவுக் கட்டணம் உண்டு. கணக்கை ஊரிலிருந்து புறப்படுவதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கி, உங்கள் வங்கி அட்டை அங்கே ஏற்கப்படுகிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள், ஏனெனில் விவரங்களையெல்லாம் நிரப்பி முடித்தபின் பணம் செலுத்தும் இடத்தில் வெளிநாட்டு அட்டை மறுக்கப்படுவது எங்கள் குடும்பத்திலேயே இருமுறை நடந்திருக்கிறது.

தட்கல் எனப்படும் கடைசி நேர முன்பதிவை நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயணத்துக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும் 11 மணிக்கு ஏசி இல்லாத ஸ்லீப்பர் வகுப்புக்கும் தட்கல் திறக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 2025 ஜூலை 1 முதல், இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் (இந்திய அடையாள எண்) உறுதிசெய்யப்பட்ட கணக்கு கட்டாயமாகிவிட்டது. வெளிநாட்டுக் குடிமக்களில் பெரும்பாலோரிடம் ஆதார் இருக்காது. 60ஆம் நாளில் பொது முன்பதிவு திறக்கும்போதும் ஆதார் கணக்குகளுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. ஆகவே தமிழ்நாட்டில் நெருங்கிய உறவினர் இருந்தால், அவருடைய ஆதார் இணைத்த கணக்கிலிருந்து உங்களுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்வதுதான் எளிய வழி. சொந்தக் கணக்கிலிருந்து உறவினருக்கு எடுத்துக் கொடுப்பதற்குத் தடையில்லை, விற்பதற்குத்தான் தடை. அப்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். நாட்டையும் கடவுச்சீட்டு எண்ணையும் சரியாக நிரப்ப வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரைப் பாசத்தோடு எழுதிவிடுகிற உறவினர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை டிக்கெட் பரிசோதகரான டிடிஆர் உங்கள் கடவுச்சீட்டில் தேடினால் கிடைக்காது.

வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே தனி ஒதுக்கீடு ஒன்றும் உள்ளது. அதில் 365 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். 60 நாள் விதி இதைத் தொடவில்லை. எல்லா ரயில்களிலும் எல்லா வகுப்புகளிலும் இது கிடைக்காது, இணையத்தில் எடுத்தால் கட்டணமும் கூடும். என்றாலும் விழாக்காலத்தில் வருபவர்கள் முதலில் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. டெல்லி வழியாக வருபவர்கள், புது டெல்லி நிலையத்தின் முதல் மாடியில் உள்ள சர்வதேசச் சுற்றுலாப் பயணிகள் அலுவலகத்தில் கடவுச்சீட்டைக் காட்டி நேரிலேயே எடுக்கலாம். வாசலில் நின்றுகொண்டு "அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள், வேறு இடத்துக்கு அழைத்துப்போகிறேன்" என்று சொல்பவர்களைத் தாண்டி நேராக மாடியேறிவிடுங்கள்.

டிக்கெட்டில் "சிஎன்எஃப்" என்று இருந்தால் படுக்கை உறுதி. "ஆர்ஏசி" என்றால் ரயிலில் ஏறலாம். ஆனால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும், யாராவது வராமல் போனால் முழுப் படுக்கை கிடைக்கும். "வெயிட்டிங் லிஸ்ட்" டிக்கெட்டை இணையத்தில் எடுத்திருந்து, சார்ட் எனும் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரான பின்னும் அது உறுதியாகவில்லை என்றால், டிக்கெட் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசி பெட்டியிலோ ஏறக் கூடாது. ஒரே இரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வருபவர் காத்திருப்புப் பட்டியலை நம்பித் திருமண நாளைத் தவறவிடுவதைவிட, பகல் நேர வந்தே பாரத்திலோ வைகையிலோ உறுதியான இருக்கை எடுப்பதே மேல்.

வகுப்பைப் பொறுத்தவரை என் பரிந்துரை தேர்ட் ஏசி, அதாவது மூன்றடுக்குப் படுக்கையுள்ள ஏசி பெட்டி. ஸ்லீப்பரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கட்டணம் ஆகும் என்றாலும், விரிப்பும் கம்பளியும் தலையணையும் கொடுப்பார்கள், தூசி இருக்காது. செகண்ட் ஏசியில் நடுப்படுக்கை கிடையாது, திரையும் உண்டு. ஃபர்ஸ்ட் ஏசியில் கதவுள்ள அறை. எந்த அறை என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும், அதனால் குடும்பம் ஒரே அறையில் அமையும் என்று முன்கூட்டியே உறுதி சொல்ல முடியாது. ஸ்லீப்பரில் ஜன்னல் காற்றும் ஊர்களின் மணமும் கிடைக்கும், மார்கழி, தை மாதங்களில் அது இனிய பயணம். விரிப்பும் போர்வையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். சித்திரை வெயிலில், குளிர் நாட்டிலிருந்து வந்த குழந்தைகளோடு ஸ்லீப்பரில் போவதை நான் ஊக்குவிப்பதில்லை.

படுக்கை எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் எட்டெட்டுப் படுக்கைகள் ஒரு பகுதி: 1, 4 கீழே, 2, 5 நடுவில், 3, 6 மேலே, நடைவழிக்கு அப்பால் 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். உங்கள் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 37 என்றால் மீதி 5, ஆகவே நடுப்படுக்கை. மீதி எதுவும் வராவிட்டால் பக்கவாட்டு மேல். பெட்டியின் பெயரில் எஸ் ஸ்லீப்பரையும், பி தேர்ட் ஏசியையும், ஏ செகண்ட் ஏசியையும், எச் ஃபர்ஸ்ட் ஏசியையும் குறிக்கும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருப்பதால் வயதைச் சரியாகக் கொடுங்கள். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு மேல்படுக்கை வந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம், "அம்மாவால் மேலே ஏற முடியாது, தம்பி, நீங்கள் மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று இளைஞர் ஒருவரிடம் கேட்டால், என் அனுபவத்தில் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் கேட்பதற்கு முன்பே அவர் இடத்தில் பையை வைத்து அமர்ந்துவிடுவது நாகரிகமல்ல. உயரமானவர்கள் பக்கவாட்டுப் படுக்கையைத் தவிர்க்க வேண்டும். கால் நீட்ட இடம் போதாது.

நடுப்படுக்கைக்கு நேர விதி உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதை விரித்துப் படுக்கலாம். மற்ற நேரத்தில் மடித்துவிட வேண்டும், ஏனெனில் அது விரிந்திருந்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. அதுபோலவே 10 மணிக்கு முன்பு கீழ்ப்படுக்கை எல்லோருக்கும் இருக்கையாகும். கீழ்ப்படுக்கைக்குப் பணம் கொடுத்தோமே, ஏன் மூவர் வந்து உட்கார்கிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மனம் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்; இந்த ஏற்பாடு தெரிந்திருந்தால் வருத்தம் வராது.

நள்ளிரவுக்குப்பின் இடைநிலையத்தில் ஏறுபவர்கள் தேதியில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ரயில் 14ஆம் தேதி இரவு எழும்பூரில் புறப்பட்டு, விழுப்புரத்துக்கு நள்ளிரவு தாண்டி வருமானால், அங்கே ஏறுபவருடைய டிக்கெட் 15ஆம் தேதிக்கு இருக்க வேண்டும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு 15ஆம் தேதி இரவு நிலையத்துக்குப் போனால், உங்கள் ரயில் முந்தைய இரவே போயிருக்கும்.

புறப்படும் நாளில், டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிலையத்தின் பெயரை மறுபடியும் பாருங்கள். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடக்கும் காலத்தில் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலிலேயே எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் வந்துவிடலாம். நடைமேடையில் உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதை மின்பலகை காட்டும். முக்கால் மணி நேரம் முன்னதாக வந்தால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏசியிலும் 40 கிலோ, செகண்ட் ஏசியில் 50 கிலோ, ஃபர்ஸ்ட் ஏசியில் 70 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். ஆனால் விமானத்துக்கென வாங்கிய மிகப் பெரிய பெட்டி கீழ்ப்படுக்கையின் அடியில் நுழையாது. இரண்டு நடுத்தரப் பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படுக்கையின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டலாம், சங்கிலியும் பூட்டும் நிலையத்துக் கடைகளிலேயே கிடைக்கும். கடவுச்சீட்டு, பணம், கைப்பேசி மூன்றும் ஒரு சிறு பையில் உடலோடு இருக்கட்டும். ஸ்லீப்பரில் திறந்த ஜன்னலருகே நகையணிந்து தூங்க வேண்டாம். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளின் மூன்று சதுர முள் பிளக் இங்கே பொருந்தாது என்பதால் அடாப்டர் அவசியம்.

இரவு உணவை ஏறுமுன்பே முடிப்பதோ கட்டி எடுத்துச்செல்வதோ நல்லது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொடுக்கும் வழக்கம் வீணாக ஏற்பட்டதல்ல. மறுநாள் காலைவரை கெடாது, மடியில் வைத்துச் சிந்தாமல் சாப்பிடலாம். தண்ணீர்ப் பாட்டிலின் மூடி சீலோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மதுவும் புகையும் ரயிலில் தண்டனைக்குரிய குற்றங்கள்.

டிடிஆர் வரும்போது அசல் கடவுச்சீட்டைக் காட்டுங்கள், நகல் போதாது. யாராவது தொல்லை கொடுத்தாலோ, உடல்நலம் கெட்டாலோ, பெட்டி அசுத்தமாக இருந்தாலோ 139 என்ற எண்ணை அழைக்கலாம். அதற்காகவே விமான நிலையத்திலேயே இந்திய சிம் ஒன்று வாங்கிவிடச் சொல்வேன்.

இந்த ரயில்களில் அடுத்த நிலையத்தை அறிவிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கைப்பேசியில் ரயில் எங்கே போகிறது என்று காட்டும் செயலியை இறக்கிக்கொண்டு, இறங்க வேண்டிய நேரத்துக்கு அரைமணி முன்னதாக அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் போன்ற இடைநிலையங்களில் ரயில் சில நிமிடங்களே நிற்கும். பெட்டிகளோடு கதவருகே தயாராக நிற்க வேண்டும். பாண்டியன் விடியுமுன்பே மதுரையை அடைந்துவிடும். விடுதி அறை அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால், நிலையத்திலேயே காத்திருப்பு அறையில் முகம் கழுவி, சுமைகளைப் பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்துவிட்டு, நடந்துபோகும் தூரத்திலுள்ள மீனாட்சியம்மன் கோயிலுக்குக் காலை வழிபாட்டுக்குப் போகலாம். பொருள் பாதுகாப்பு அறையில் ரயில் டிக்கெட்டைக் கேட்பார்கள், பூட்டாத பையை வாங்கமாட்டார்கள். ஆகவே இரவில் போட்ட பூட்டைக் கழற்றிப் பையிலேயே மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.