கலப்புக் கழிவில் பயோகேஸ்: கலனைக் கெடுக்கும் தவறுகள்

மாடு, ஆடு, கோழி, பன்றி எதுவானாலும் கழிவுதானே, ஒன்றாகக் கரைத்து பயோகேஸ் கலனில், அதாவது காற்றுப் புகாமல் கழிவை மக்கவைக்கும் தொட்டியில், ஊற்றினால் கேஸ் வந்துவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மாட்டுச் சாணத்தில் நைட்ரஜனைப் போல சுமார் 20 முதல் 25 மடங்கு கார்பன் இருக்கும். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தோதான அளவும் 20 முதல் 30 மடங்குதான். கோழி எச்சத்திலோ அது 10 மடங்கை ஒட்டியே நிற்கும். கிலோவுக்குக் கிலோ கோழி எச்சம் அதிக கேஸ் தரும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி அள்ளிக் கொட்டினால் மிஞ்சுகிற நைட்ரஜன் அம்மோனியாவாகி, கேஸில் எரியும் பகுதியான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். கோழி எச்சத்தை மொத்தக் கலவையில் கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். உமி கலந்த எச்சமாச்சே, கார்பன் இருக்குமே என்று கேட்கலாம். உமியின் கார்பனில் பெரும்பகுதி எளிதில் மக்காதது, அது மேலே மிதந்து ஏடு கட்டத்தான் உதவும்.

அடுத்தது, கலவையைத் திடீரென்று மாற்றுவது. அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், அந்த அமிலத்தை மீத்தேனாக மாற்றுபவை மெதுவாகத்தான் பெருகும், அதனால் கலனுக்குப் போடும் தீனி ஒரேயடியாகக் கூடினால் அமிலம் தேங்கி, புளித்த வாடை வரும், அடுப்பில் தீ பிடிக்காது. அப்போது பலரும் செய்வது இன்னும் சாணம் ஊற்றுவது! தயவுசெய்து வேண்டாம். சில நாள் எதுவும் போடாமல் விடுங்கள், அப்புறம் பாதி அளவில் தொடங்குங்கள். புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போடுவதற்கு முன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பாருங்கள். 6.5-க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம், ஆனால் கோளாறு அம்மோனியாவால் வந்ததென்றால் சுண்ணாம்பு அதன் நச்சை இன்னும் கூட்டிவிடும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மாட்டுச் சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் சரி. கொட்டகை கழுவி வரும் பன்றிக் கழிவு ஏற்கெனவே நீர்த்துப்போனது, அதில் மேலும் தண்ணீர் சேர்த்தால் கலனின் இடம்தான் வீண். ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்து நசுக்காமல் போட்டால் அப்படியே மிதக்கும். கோழி எச்சத்தில் இருக்கும் மணலையும் கல்லையும் கரைக்கும் தொட்டியிலேயே படியவிடுங்கள்.

கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய தண்ணீரும், ஆன்டிபயாட்டிக் கொடுத்த கால்நடையின் கழிவும் கலனுக்குள் போகவே கூடாது.

புதுக் கலனை மாட்டுச் சாணத்தில் தொடங்குங்கள், மாட்டின் வயிற்றிலிருந்தே மீத்தேன் நுண்ணுயிர்கள் அதில் வந்துவிடும். நன்றாக ஓடும் கலனிலிருந்து கொஞ்சம் ஸ்லரி (மக்கிய கழிவுக் கரைசல்) கிடைத்தால் இன்னும் வேகம். முதலில் வரும் கேஸில் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்கும், அதைத் திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள், குழாய் வாயில் தீக்குச்சி காட்டிப் பார்க்காதீர்கள், காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தாலே வெடிக்கும்.

கலனைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்குவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை இல்லை என்பதற்காக இறங்காதீர்கள், உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால் பதறி இன்னொருவரும் இறங்காதீர்கள். சேற்றை வெளியிலிருந்தே பம்ப் வைத்து எடுங்கள்.