"அது கணக்கில் சேராது": ஸ்டார் வார்ஸ் கிளைக்கதைச் சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு தம்பிகள் என் எதிரிலேயே சண்டை போட்டார்கள். விஷயம் கி-ஆடி-முண்டி. பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் தலை நினைவுக்கு வரும்: கூம்பு மாதிரி உயர்ந்த மண்டை, வெள்ளைத் தாடி, 1999-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜெடாய் வீரர்களின் சபையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். 2024-இல் வந்த 'தி அகோலைட்' தொடரில் கொஞ்ச நேரம் தலைகாட்டுகிறார். அந்தத் தொடரின் கதை 1999 படத்துக்குச் சுமார் நூறு ஆண்டு முந்தையது.

"அவர் பிறந்ததே யாவின் போருக்கு 92 வருஷம் முன்னாடிதான் அண்ணா. இந்தக் கதை 132 வருஷம் முன்னாடி நடக்குது. பிறக்கிறதுக்கு நாற்பது வருஷம் முன்னாடியே எப்படி வந்து நிக்கிறார்? கூட்டல் கழித்தல் தெரியாதவங்க எழுதினா இப்படித்தான்" என்று ஒருவன் மேசையைத் தட்டினான். (யாவின் போர் என்பது 1977 படத்தின் இறுதிச் சண்டை. இந்த உலகத்தில் வருடங்களை அதை வைத்துத்தான் எண்ணுவார்கள்.) இன்னொருவனுக்குப் பதில் தெரியவில்லை. முகம் தொங்கிப் போய்விட்டது.

கழித்தல் சரிதான். ஆனால் அந்த 92 எங்கிருந்து வந்தது? எந்தப் படத்திலும் யாரும் அதைச் சொல்லவில்லை. அது இப்போது 'லெஜண்ட்ஸ்' என்று அழைக்கப்படும் பழைய நாவல், காமிக்ஸ் காலத்துத் தகவல். 2014-லேயே பழைய கணக்கு என்று மூட்டை கட்டப்பட்டுவிட்டது. அவன் பழைய பேரேட்டில் ஒரு வரியை எடுத்துப் புதுப் பேரேட்டைத் தணிக்கை செய்துகொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, அதுவும் அவன்மேல் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி மேசையை நான் தட்டியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்பாய்லர் சொல்லாதே, நடிகர்களைத் துரத்தித் திட்டாதே, ட்ரைலரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் தெரிந்தேதான் செய்கிறார்கள். தெரியாமல் செய்கிற தவறுகள் வேறு.

"கணக்கில் சேராது" என்று கதையைத் தூக்கிப் போடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும். எனக்கு இதில் நிறையவே நஷ்டம்.

கிளைக்கதைகள், அதாவது முக்கியப் படங்களுக்கு வெளியே வந்த நாவல், காமிக்ஸ், தொடர்கள், இந்த உலகத்துக்குப் பிறகு ஒட்டவைத்த வால் இல்லை. முதல் படம் 1977-இல் வந்தது. அடுத்த வருடமே ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய ஒரு தொடர்ச்சி நாவல் வந்துவிட்டது. படம் பெரிதாக ஓடாவிட்டால் குறைந்த செலவில் அடுத்த படமாக எடுக்கலாம் என்ற யோசனையில் எழுதப்பட்டது அது. படம் ஓடிய ஓட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. நாவல் நாவலாகவே நின்றுவிட்டது. அதில் படத்தின் நாயகன் லூக்குக்கும் இளவரசி லேயாவுக்கும் நடுவே லேசாக ஓர் ஈர்ப்பு இருக்கும். 1983 படத்தில் இருவரும் அண்ணன் தங்கை என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கங்களைப் படிப்பது தனி அவஸ்தை.

1991-இல் டிமதி ஸான் நாவலோடு கிளைகள் காடாக வளர ஆரம்பித்தன. நாவல், காமிக்ஸ், விளையாட்டு என்று எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டபோது எது செல்லும், எது செல்லாது என்று பார்க்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. லூகாஸ்ஃபிலிமில் லீலண்ட் சீ என்பவர் 'ஹாலோகிரான்' என்ற தரவுத்தளத்தைப் பராமரித்தார். அதில் படிநிலைகள் உண்டு. உச்சியில் ஜார்ஜ் லூகாஸின் படங்கள். அடுத்து, பின்னாளில் சேர்ந்த தொலைக்காட்சிப் படி. அதற்கும் கீழேதான் நாவலும் காமிக்ஸும். மேல்படியும் கீழ்ப்படியும் மோதினால் மேல்படி செல்லும், அவ்வளவுதான்.

குழப்பத்தைத் தீர்க்க அலுவலகத்தில் வைத்திருந்த பேரேடு அது. நான் அதை உருட்டுக்கட்டையாக எடுத்துக்கொண்டேன்.

முதல் அடி வாங்கியவர், கவசம் போட்ட கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட்மேல் பைத்தியமான ஒரு நண்பர். 1996 சிறுகதை ஒன்றில் போபா ஃபெட்டுக்கு ஜாஸ்டர் மெரீல் என்ற பழைய பெயர், காவலராக இருந்த கடந்த காலம், நாடுகடத்தப்பட்ட அவமானம் எல்லாம் இருக்கும். 2002 படம் வந்து, ஜாங்கோ ஃபெட் என்ற வேட்டைக்காரனின் குளோன்தான் (நகல் பிறவி) போபா என்று சொல்லிவிட்டது. "படம் வந்தாச்சு, உங்க கதை செல்லாது" என்று அவரிடம் சொன்னேன். சொன்ன விதம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. காசாளர் கள்ளநோட்டைத் திருப்பித் தருகிற மாதிரி.

அடுத்து என் முறை. கரேன் ட்ராவிஸ் 2004 முதல் எழுதிய குளோன் வீரர்கள் நாவல் வரிசை எனக்கு உயிர். அதில் வரும் மாண்டலோரியர்கள் போர்க்குடிகள். கவசம்தான் அவர்களுக்கு அடையாளம், தத்தெடுத்தாலும் பிள்ளை பிள்ளைதான். அவர் அந்த மக்களுக்கு ஒரு மொழியையே விரிவாக்கித் தந்தார். நான் அதில் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். (யாரிடம் பேச? அது வேறு கதை.) 2010 ஜனவரியில் 'குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடர் அவர்களுடைய கிரகமான மாண்டலோருக்குப் போனது. போய்ப் பார்த்தால் ஆட்சியில் இருப்பவர் சமாதானம் பேசும் கோமாட்டி சட்டீன். போர்வீரர்களை எப்போதோ நிலவுக்கு நாடுகடத்தியாகிவிட்டது. ஜாங்கோ ஃபெட் மாண்டலோரியனே இல்லை என்கிற மாதிரி அந்நாட்டுப் பிரதமர் பேசுகிறார்.

என் நெருங்கிய நண்பன் ஒருவனுக்கு அந்தத் தொடர்தான் எல்லாம். "நல்லாயிருக்குடா, தான் யாருன்னு ஒரு நாடே சண்டை போடுது பாரு" என்றான். நான் கத்தினேன். "அது சின்னப் பசங்க கார்ட்டூன். புத்தகம் படிச்சவனுக்குத்தான் மாண்டலோர் தெரியும்." அவன் அமைதியாகக் கேட்டான்: "நீ சொன்ன படி வரிசையிலே டிவி மேலயா, புத்தகம் மேலயா?"

டிவிதான் மேலே. என் கட்டையாலேயே எனக்கு அடி. ஒப்புக்கொண்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் அவனுடைய ரசனையைப் பற்றி ஏதோ சொன்னேன், அவன் எழுந்து போனான், அப்புறம் ஆறு வருடம் பேச்சு இல்லை. ஒரு கற்பனைக் கிரகத்தின் அரசியலுக்காக!

2014 ஏப்ரல் 25 அன்று லூகாஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிஸ்னி கைக்கு நிறுவனம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆறு படங்களும் 'குளோன் வார்ஸ்' தொடரும் மட்டும் கேனன், அதாவது அதிகாரப்பூர்வக் கதை. அதுவரை வந்த நாவல், காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் இனி 'லெஜண்ட்ஸ்' முத்திரை. நான் சின்னப் பசங்க கார்ட்டூன் என்று சொன்னது உள்ளே. என் அலமாரி முழுக்க வெளியே.

அன்று நான் செய்ததுதான் இத்தனை வருடமாக உறுத்துகிறது. மொத்த அலமாரியையும் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். செல்லாத நோட்டு எதற்கு என்கிற மாதிரி ஒரு வேகம். யாரும் என் வீட்டுக்கு வந்து பக்கங்களைக் கிழிக்கவில்லை. முந்தின நாள் இரவு படித்த அதே வரிகள் அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் வருடக்கணக்கில் மற்றவர்களிடம் "சேராது, எனவே மதிப்பில்லை" என்று சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிவிட்டிருந்தேன்.

2016-இல் நண்பனிடமிருந்து போன். ஹலோ கூட இல்லை. "டேய், நீ சொல்லுவியே, நீல மூஞ்சி, சிவப்புக் கண்ணு, அவன் 'ரெபல்ஸ்'ல வரான்டா. அந்தப் புத்தகத்தைக் கொடு, படிக்கணும்." ஸான் நாவலின் வில்லன் த்ரான்தான். லெஜண்ட்ஸ் பரணிலிருந்து இறங்கி அனிமேஷன் தொடர் வழியாகக் கேனனுக்குள் நடந்து வந்துவிட்டார். 2017-இல் ஸானே அவரை வைத்துப் புது நாவல் எழுதினார். 2023-இல் 'அசோகா' தொடரில் நடிகர் ஒருவர் நீலச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

என்னிடம் புத்தகம் இல்லை. கொடுத்தவரிடமே போய் இரவல் கேட்டேன். எடுத்துத் தந்தார். முதல் பக்கத்தில் என் பெயர், என் கையெழுத்து. "ஜாக்கிரதை, திருப்பித் தந்துடணும்" என்றார்.

இப்போது யாராவது "அது கேனனா?" என்று கேட்டால் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே பேரேட்டை வைத்துத்தான் பேசுகிறோமா என்று தெரியாமல் காலவரிசை பேச முடியாது. "கேனன் இல்லையா, அப்போ விடு" என்று அடுத்த வரி வரும்போதுதான் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. அல்லி அரசாணி வியாச பாரதத்தில் இல்லை. அதற்காக அல்லி கதை கேட்டவர்கள் எழுந்து போனார்களா?

கேனன் என்றால் முரண்பாடே இருக்காது என்று நம்புவது

2014-க்குப் பிறகு புதிதாக வந்தவர்கள் விழும் குழி இது. "இப்போ எல்லாம் ஒரே கணக்கு, ஒரு குழு உட்கார்ந்து பார்க்குது, இடிக்கவே இடிக்காது" என்பார்கள். இடிக்கும். ஜெடாய் மாணவனான சிறுவன் கேலப் டூம் தன் குருவை இழக்கும் இரவு 2015 காமிக்ஸில் விரிவாக வந்தது. 2021-இல் 'தி பேட் பேட்ச்' அனிமேஷன் தொடரின் முதல் பகுதி அதே சாவைப் பனி விழும் போர்க்களத்தில், வேறு ஆட்களை வைத்துக் காட்டியது. முன்னாள் ஜெடாய் பெண் அசோகா தலைமறைவாக ஒரு கிராமத்தில் வாழ்ந்த கதை 2016 நாவலில் ஒரு மாதிரி, 2022 அனிமேஷன் குறும்பகுதியில் வேறு மாதிரி.

இரண்டுமே கேனன். இதைக் காட்டி "எல்லாம் பொய்" என்று கொதிப்பவர்களும் உண்டு, இரண்டையும் எப்படியாவது தைத்துவிட வேண்டும் என்று ராத்திரி கண்விழிப்பவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். தையல் சில சமயம் மூலக்கதையை விட நன்றாகவே வரும், ஆனால் அதை ஆதாரம் என்று அடுத்தவன் முன்னால் வைக்கக் கூடாது.

எண்ணைப் பிடித்துத் தொங்குவது

2002 படத்தில் குளோன் படையைப் பற்றிச் சொல்லும்போது, 200,000 யூனிட் தயார், இன்னும் பத்து லட்சம் வந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். யூனிட் என்றால் ஒரு வீரனா, ஒரு படைப்பிரிவா? இந்த ஒரு சொல்லை வைத்து ரசிகர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். ஒரு வீரன் என்றால் ஒரு விண்மீன் மண்டலத்தையே காக்க அந்தப் படை ஒரு மூலைக்குக் காணாது. படைப்பிரிவு என்றால் வசனம் வேறு மாதிரி ஒலிக்கிறது.

எழுதியவர்கள் பெரிய எண்ணாக ஒலிக்கட்டும் என்று எழுதியிருப்பார்கள். இது என் ஊகம்தான். விண்வெளிக் காவியத்தில் எண்கள் பின்னணி இசை மாதிரி. கால்குலேட்டரை உள்ளே வையுங்கள்.

"லூகாஸே சொல்லிட்டார்"

நாவல்களின் உலகம் வேறு, தன் படங்களின் உலகம் வேறு என்று சொன்னவர்தான் அவர். தலைநகர்க் கிரகத்துக்குக் கோரஸாண்ட் என்ற பெயரை ஸான் நாவலிலிருந்து தன் படத்துக்கு எடுத்துக்கொண்டவரும், காமிக்ஸ் அட்டையில் பார்த்த ஜெடாய் பெண் அயலா செக்குராவை 2002 படத்தில் நடமாட விட்டவரும் அவரேதான். இரண்டு தரப்புக்கும் அவரிடம் சாட்சி கிடைக்கும். அதனால் யாருக்கும் பயனில்லை.

"அதை விட்டுடலாம்" என்று புதியவரிடம் சொல்வது

இது என் சமீபத்திய தவறு. 'மாண்டலோரியன்' இரண்டாம் சீசனை முடித்த ஒரு தம்பி, போபா ஃபெட் பெயரில் வந்த தொடரைப் பார்க்கணுமா என்று கேட்டான். "கிளைக்கதைதான், மெதுவா இருக்கும், விட்டுடு" என்றேன். மூன்றாம் சீசனை ஆரம்பித்துவிட்டுப் போன் செய்தான். "அண்ணா, குரோகு லூக்கோட போயிட்டானே, நான் அழுதேன். இப்போ கப்பல்ல உட்கார்ந்திருக்கான். நடுவுல என்ன ஆச்சு?"

குரோகு என்பது 'மாண்டலோரியன்' தொடரில் வரும் குட்டிப் பச்சைப் பையன். நடுவில் நடந்தது முழுக்க நான் விடச் சொன்ன தொடரில், கடைசி மூன்று பகுதிகளில் இருக்கிறது. இதே மாதிரி 2018-இல் 'சோலோ' படத்தின் முடிவில் வில்லன் டார்த் மால் வந்தபோது, 1999-இல் இரண்டு துண்டாகிச் செத்தவன் எப்படி வந்தான் என்று அரங்கில் பாதிப் பேர் விழித்தார்கள். 2012-லேயே அனிமேஷன் தொடரில் திரும்பியிருந்தான். எது கிளை, எது தண்டு என்று இப்போதெல்லாம் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. "பிடிக்காமல் போகலாம், ஆனால் இன்ன விஷயம் அதில் இருக்கிறது" என்று சொன்னால் போதும்.

கதையின் காலவரிசைப்படி பார்க்கச் சொல்வது

வேண்டாம். 1977-இல் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

"இது ஸ்டார் வார்ஸே இல்லை"

'ஆண்டோர்' தொடரின் இரண்டு சீசனில் ஒரு ஜெடாய் கூடக் கிடையாது. போபா ஃபெட் திரையில் முதலில் வந்தது 1978 தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சியின் கார்ட்டூன் துண்டில். அந்த நிகழ்ச்சியை அதை எடுத்தவர்களே மறக்க நினைத்தார்கள். எந்த அளவுகோலோடு வருகிறீர்கள்?

இரவு பதினொரு மணிக்கு மேல் மாண்டலோரைப் பற்றிப் பேசுவது

எனக்கும் அந்த நண்பனுக்கும் மட்டும். நேற்றும் பேசினோம்.