ஒயின் குகைக்குள் சதியைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

2019 டிசம்பர் 19, லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்க முயன்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் விவாத மேடையில், சக போட்டியாளர் பீட் புட்டிஜெஜைப் பிடித்துக்கொண்டார் எலிசபெத் வாரன். கலிபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாப்பா பள்ளத்தாக்கில், ஒரு ஒயின் குகையில், புட்டிஜெஜ் பணக்காரர்களோடு விருந்துண்டு தேர்தல் நிதி திரட்டினார் என்பது குற்றச்சாட்டு. பளபளக்கும் சரவிளக்கின்கீழ் நீண்ட மேசை போட்டிருந்த படம் அதற்கு முன்பே இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குகை என்றதும் கற்பனை குதிரை ஏறிவிட்டது: உள்ளே சுரங்கப்பாதை இருக்கிறதாம், ரகசியக் கூட்டம் நடக்கிறதாம்.

முதல் சறுக்கல் அந்தச் சொல்லில்தான். ஒயின் குகை என்பது மலைச்சரிவைக் குடைந்து செய்த கிடங்கு, அவ்வளவுதான். மண்ணுக்கடியில் வருடம் முழுக்கக் குளிர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். காற்றில் ஈரம் இருப்பதால் மரப்பீப்பாயிலிருந்து ஒயின் ஆவியாவதும் குறையும். குளிரூட்டும் செலவு மிச்சம். நாப்பாவில் ஷ்ராம்ஸ்பெர்க் பண்ணையின் பழைய குகைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே சீனத் தொழிலாளர்கள் கையால் குடைந்தார்கள். இன்று காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, ஒரு கோப்பை ருசித்துவிட்டு வரலாம்.

அடுத்தது, ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது. வாரனுக்கே 2018இல் பாஸ்டனில் ஒயின் கூடம் ஒன்றில் நிதி விருந்து நடந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்தவர் போனால் விருந்து, பிடிக்காதவர் போனால் சதியா?

இதெல்லாம் வெறும் வம்புதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2016இல் வாஷிங்டனில் காமெட் பிங் பாங் என்ற பீட்சா கடையைப் பற்றி ஒரு வதந்தி கிளம்பியது. அதன் நிலவறையில் அரசியல்வாதிகள் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்களாம். அதை நம்பிய ஒருவர் டிசம்பர் 4 அன்று வட கரோலினாவிலிருந்து துப்பாக்கியோடு காரோட்டி வந்து, கடைக்குள் சுட்டார். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அவருக்கு நான்கு ஆண்டு சிறை. மலையைக் கல்லி எலியைப் பிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது.

சரி, அப்படியானால் அந்த நாப்பா விருந்தில் கேள்வி கேட்க எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது குகைக்குள் இல்லை. அப்போது ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2,800 டாலர் வரைதான் தரலாம். மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். யாரும் தேடிப் பார்க்கலாம். வேட்பாளரோடு சேராமல் தனியாகத் தேர்தல் பிரசாரத்துக்குச் செலவு செய்யும் 'சூப்பர் பேக்' எனப்படும் குழுக்களுக்கோ இந்த வரம்பு கிடையாது. அங்கே கொட்டும் பணம் சில நேரம் பெயர் சொல்லாத அமைப்புகள் வழியாகவும் வரும். அதற்குச் சரவிளக்கும் கிடையாது, படமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி மீம் போட ஆளில்லை.