கிரேன் நுழையாத கொல்லையிலிருந்து மாங்கட்டையை வெளியே எடுத்த விதம்

2018 கஜா புயலில் எங்கள் கொல்லை மாமரம் வேரோடு சாய்ந்தது. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 4 அடி சந்துதான். கிரேனும் வராது, ஜேசிபியும் வராது. பலகைக்கு ஆகும் அடிமரத்தை விறகாக்க எனக்கு மனமில்லை. 2 அடி விட்டம், 6 அடி நீளமுள்ள பச்சைக் கட்டை ஏறக்குறைய அரை டன் வரும், தூக்கவே முடியாது.

கடப்பாரையால் ஒரு முனையை நெம்பி, அடியில் பலகை போட்டு, அதன்மேல் இரும்புப் பைப் துண்டுகளை உருளையாக வைத்தோம். தெருவோரப் புளியமரத்தில் சாக்கைச் சுற்றி (பட்டை காயப்படக் கூடாது) கை வின்ச்சைக் (கையால் இயக்கிக் கயிற்றை இழுக்கும் கருவி) கட்டினோம். கட்டையில் கப்பி மாட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பிக் கொண்டுபோய் அதே மரத்தில் கட்டினால் பாதி பலம் போதும். மெதுவாகத்தான் நகரும், அதுவே பாதுகாப்பு. முன்முனையின் கீழ்விளிம்பை ரம்பத்தால் சரிவாகச் சீவியதும் மண்ணில் குத்துவது நின்றது. கயிறு விறைப்பாக இருக்கும்போது அதன் நேரே யாரும் நிற்கக் கூடாது. பைப்பைக் கையால் திருத்தவே கூடாது.

அப்புறம் வண்டியில் ஏற்ற, இரண்டு சாய்வுப் பலகை போட்டோம். கயிறுகளின் ஒரு நுனியை வண்டியில் கட்டி, கட்டைக்கு அடியில் விட்டு, மறுநுனியை மேலிருந்து இழுத்தோம். கட்டை உருண்டே ஏறியது.